உலை வாயும் ஊர் வாயும்

என் மகளுக்கு நாலரை வயது. மாட்டுக்கறிக்கு அவளுக்குத் தெரிந்த பெயர் மீல் மேக்கர். அந்தப் பெயரை வைத்தவள் நான்.

மதுரையில் இந்த வீட்டுக்கு நாங்கள் குடிவந்தபோது அவளுக்குப் பேச்சு தெளிந்துகொண்டிருந்த நேரம். மாடியில் நாங்கள், கீழே ஓனரம்மா. பிள்ளை நாள் முழுக்க மாடிப்படியில்தான் ஏறி இறங்கும். ‘இன்னிக்கி ஒங்க வீட்ல என்ன கொழம்பு?’ என்று யாராவது கேட்டால் உள்ளதைச் சொல்லிவிடும். சோயாவில் செய்து பாக்கெட்டில் விற்கிற அந்த உருண்டையும், மசாலாவில் வெந்த கறித்துண்டும் பார்வைக்கு ஏறக்குறைய ஒன்றுதான். அதனால், ‘இது மீல் மேக்கர், சாமி’ என்று சொல்லிக் கொடுத்தேன். நன்றாகக் கற்றுக்கொண்டாள். ஜெபம் சொல்லிக் கொடுத்ததைவிடச் சீக்கிரம் கற்றுக்கொண்டாள்.

போன புரட்டாசியில் ஓனரம்மா வீட்டில் கவுச்சி கிடையாது. ஒருநாள் நிஜமான மீல் மேக்கரில் குழம்பு வைத்து, பிள்ளையைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சோறு போட்டிருக்கிறார்கள். இவள் ஒரு வாய் தின்றுவிட்டு, ‘இது மீல் மேக்கர் இல்ல பாட்டி. எங்கம்மா வைக்கிறதுதான் மீல் மேக்கர்’ என்று சொல்லியிருக்கிறாள். ஓனரம்மா சிரித்துக்கொண்டே மாடிக்கு வந்தார்கள். ‘ஏம்மா, ஒன் மீல் மேக்கர் மாதிரி ஒலகத்துலயே கெடையாதாம்ல. அடுத்த தடவ எனக்கும் ஒரு கிண்ணம் குடுத்துவிடேன்.’

எனக்குக் கை கால் ஓடவில்லை. மறுநாளே கடையில் ஒரு பாக்கெட் வாங்கிவந்தேன். சின்ன வெங்காயம், சோம்பு, பட்டை, வத்தல், மல்லி, தேங்காய் எல்லாம் கறிக்கு அரைக்கிற அதே பக்குவத்தில் அரைத்து வைத்து, ஒரு கிண்ணம் கொடுத்துவிட்டேன். சாயங்காலம் கிண்ணத்தைக் கழுவி, வெறும் பாத்திரமாகத் திருப்பக்கூடாது என்று அதில் நாலு அதிரசமும் வைத்துக் கொண்டுவந்து தந்தார்கள். ‘கறி தோத்துப்போச்சும்மா’ என்றார்கள். நல்ல மனுசி. இதைச் சொல்லாமல் விட்டால் நான் எழுதப்போவது சரியாக இருக்காது.

ராத்திரி ஜெபம் முடிந்து விளக்கை அணைத்த பிறகு பிள்ளை கேட்டது: ‘அம்மா, இன்னிக்கி ஏன் ஓனர் பாட்டி மீல் மேக்கர் வச்ச?’

இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியிலிருந்து வருகிறது.

பொய் சொல்வது பாவம் என்று ஓய்வுநாள் பள்ளியில் படித்து வளர்ந்தவள் நான். இப்போது அதே பள்ளியில் மாதம் ஒரு ஞாயிறு பாடம் எடுக்கிறேன். பத்துக் கட்டளைகளைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து ஜன்னலைச் சாத்திவிட்டு அடுப்பைப் பற்றவைக்கிறேன். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது என்பார்கள். எங்கள் கதை வேறு மாதிரி. ஊர் வாய் திறக்கக்கூடாது என்றுதான் உலை வாயை மூடுகிறோம். தாளிக்கும்போது ஊதுபத்தி கொளுத்துகிறோம். எலும்பைக் கறுப்புப் பையில் போட்டு, வேலைக்குப் போகிற வழியில் வேறு தெருவின் தொட்டியில் போடுகிறார் என் வீட்டுக்காரர்.

மதுரையில் வீடு தேடி அலைந்தவர்களுக்கு நான் விளக்கவேண்டியதில்லை. போர்டிலேயே ‘சைவம் மட்டும்’ என்று எழுதியிருந்தால் ஒருவகையில் நிம்மதி, படியேற வேண்டாம். போர்டு இல்லாத வீட்டில்தான் பேச்சு நீளும். ‘தம்பி என்ன ஆளுங்க?’ ‘கிறிஸ்டியங்க.’ ‘கிறிஸ்டியன்ல?’ இந்த இரண்டாவது கேள்விக்கு என் வீட்டுக்காரர் ‘நாங்க அதெல்லாம் பாக்கிறதில்லீங்க’ என்று சொல்லிப்பார்ப்பார். பாதி இடத்தில் அதுவே பதிலாகிவிடும். 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை எங்களைப் பட்டியல் சாதியில் சேர்க்கவில்லை. சீக்கியரான தலித்துகளை 1956இலும் பௌத்தர்களை 1990இலும் சேர்த்தார்கள். கிறித்தவர்களுக்கும் முஸ்லிம்களுக்கும் இன்னும் கதவு திறக்கவில்லை. சூசை என்ற செருப்புத் தைக்கும் தொழிலாளியின் வழக்கில் 1985இல் உச்ச நீதிமன்றம் கேட்டது, மதம் மாறிய பிறகும் அதே அளவு கொடுமை தொடர்கிறது என்பதற்குப் போதிய சான்று எங்கே என்று. எங்களோடு நாலு நாள் வீடு தேடி வந்திருந்தால் போதும், சான்று கிடைத்திருக்கும். அரசாங்கத்துக்கு நாங்கள் கிறித்தவர்கள். வீட்டு ஓனர்களுக்குக் ‘கிறித்தவர்ல என்ன ஆளு’.

சரி, பொய்க்கு வருவோம்.

ஜெர்மன் தத்துவவாதி கான்ட் 1797இல் ஒரு சின்னக் கட்டுரை எழுதினார். கொலைகாரன் ஒருவன் துரத்திவருகிறான். அவனுக்குப் பயந்து உன் நண்பன் உன் வீட்டுக்குள் ஒளிந்திருக்கிறான். அவன் உள்ளே இருக்கிறானா என்று கொலைகாரன் உன்னைக் கேட்கிறான். அப்போதுகூடப் பொய் சொல்லக்கூடாது என்கிறார் கான்ட். உண்மை என்பது ஆளைப் பார்த்துச் சொல்வதல்ல, அது எல்லாருக்கும் எப்போதும் செலுத்தவேண்டிய கடன் என்பது அவர் கட்சி. கல்லூரியில் இதைப் படித்தபோது, இந்த மனுசன் ஒருநாளாவது வாசல்படிக்கு உள்ளே பயந்துகொண்டு நின்றிருப்பாரா என்று தோன்றியது. இப்போதும் தோன்றுகிறது.

வேதத்தில் வேறொரு கணக்கு இருக்கிறது. யாத்திராகமம் முதல் அதிகாரத்தில் சிப்பிராள், பூவாள் என்று இரண்டு மருத்துவச்சிகள். எபிரேயப் பெண்களுக்கு ஆண்பிள்ளை பிறந்தால் கொன்றுவிடும்படி பார்வோன் கட்டளையிடுகிறான். அவர்கள் கொல்லவில்லை. ஏன் என்று கேட்டபோது, எபிரேயப் பெண்கள் பலசாலிகள், நாங்கள் போய்ச் சேருவதற்குள் பெற்றுவிடுகிறார்கள் என்று ராஜாவின் முகத்துக்கு நேரே கதை விடுகிறார்கள். கடவுள் அவர்களைத் தண்டிக்கவில்லை, நன்மை செய்தார் என்று எழுதியிருக்கிறது. இதை எந்த ஐயரும் பிரசங்கம் செய்து நான் கேட்டதில்லை. (எங்கள் சபையில் குருவானவரை ஐயர் என்றுதான் கூப்பிடுகிறோம். அந்தச் சொல் எங்கள் வாய்க்கு எப்படி வந்தது என்பது தனிக்கதை.) பிரசவம் பார்க்கிற பொம்பளைகள், அதிகாரம் இல்லாதவர்கள், அதிகாரத்திடம் சொன்ன பொய்யை வேதம் பாவக்கணக்கில் எழுதவில்லை. என் பொய்யை நான் அவர்களோடு சேர்த்து வைத்துக்கொண்டுதான் இரண்டு வருசம் ஓட்டினேன்.

ஆனால் ஓனரம்மா பார்வோன் இல்லை. அதிரசம் வைத்துக் கொடுத்தவர்கள். பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தபோது ராத்திரி பதினொரு மணிக்கு ஆட்டோ பிடித்துத் தந்தவர்கள். என் பொய் அவர்களை ஒரு விசாரணையும் இல்லாமல் குற்றவாளியாக்கி வைத்திருக்கிறது. உண்மையைச் சொல்லியிருந்தால் ஒருவேளை ‘அதுனால என்னம்மா’ என்றுகூடச் சொல்லியிருக்கலாம். அந்த வாய்ப்பை நான் அவர்களுக்குத் தரவே இல்லை. இதை நான் நேர்மையாக ஒத்துக்கொள்கிறேன். அதேநேரம், ஒருத்தரின் மனசு நல்லதா என்று சோதித்துப் பார்க்க நாங்கள் எத்தனை தடவை வீட்டைக் காலி பண்ண முடியும்? இந்த வீடு எங்களுக்கு நாலாவது. சோதனையின் செலவு முழுவதும் எங்கள் பக்கம் இருக்கிறது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அந்தக் கிண்ணம் காலியாகத் திரும்பி வந்தபோது எனக்குக் குற்ற உணர்ச்சி வரவில்லை. சந்தோசமாக இருந்தது. என் கையால் அரைத்து, என் கையால் கிண்டி, என் பாத்திரத்தில் போனதை அவர்கள் ருசித்துச் சாப்பிட்டார்கள். அதில் கறி இல்லை, சோயாதான். ஆனாலும் நான் யார் என்று தெரிந்திருந்தால் அந்தச் சோயாவும் உள்ளே இறங்கியிருக்குமா? திருப்பூர் மாவட்டம் திருமலைக்கவுண்டன்பாளையம் அரசுப் பள்ளியில் 2018 ஜூலையில் நடந்ததை யோசித்துப் பாருங்கள். சத்துணவுச் சமையலராக வந்த பாப்பாள் மாட்டுக்கறியா சமைத்தார்? சோறும் சாம்பாரும்தானே. அவர் சமைத்தால் எங்கள் பிள்ளைகள் சாப்பிடாது என்று ஆதிக்க சாதியினர் எதிர்த்தார்கள். அதிகாரிகள் அவரைத்தான் இடம் மாற்றினார்கள். போராட்டம் நடந்த பிறகே அந்த உத்தரவைத் திரும்பப் பெற்றார்கள். 2022 செப்டம்பர் 15 அன்று முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் இதே மதுரையில், ஒரு மாநகராட்சிப் பள்ளியில்தான் தொடங்கியது. உப்புமா, கிச்சடி, பொங்கல். அடுத்த வருசமே கரூரிலும் தூத்துக்குடி மாவட்டத்திலும் தலித் பெண்கள் சமைத்த காலை உணவைப் பிள்ளைகள் சாப்பிடக்கூடாது என்று பெற்றோர் தடுத்த செய்தி வந்தது. பொங்கலில் என்ன தீட்டு இருக்கிறது? ஆக, நான் மறைத்தது கறியை மட்டும் இல்லை. மீல் மேக்கர் என்ற சொல்லுக்குள் என் கையையும் ஒளித்து வைத்திருந்தேன்.

மதுரைக் கிறித்தவத்துக்கும் அடுப்படிக்கும் உள்ள சம்பந்தம் பழையது. 1606இல் ராபர்ட் டி நோபிலி இங்கே வந்தார். அப்போது பரவர்களுக்கும் போர்ச்சுக்கீசியருக்கும் என்று பெர்னாண்டஸ் என்ற பாதிரியார் நடத்திவந்த ஒரு கோயில் இருந்தது. பறங்கி என்றால் மாடு தின்கிறவன், குடிக்கிறவன் என்று உயர்சாதியார் ஒதுங்கிப்போனார்கள். நோபிலி என்ன செய்தார்? காவி கட்டினார், கவுச்சியை விட்டார், பிராமணர் ஒருவரைச் சமையலுக்கு வைத்துக்கொண்டார், பெர்னாண்டசோடு இருக்காமல் தனி வீடு பார்த்துப் போனார். சுவிசேசம் மதுரையில் கால் வைத்த கொஞ்ச நாளிலேயே உலை இரண்டாகிவிட்டது. அவரைத் தமிழ் உரைநடையின் தந்தைகளில் ஒருவர் என்று பாராட்டுகிறார்கள். பாராட்டட்டும். அந்தச் சமையல்கட்டையும் சேர்த்துப் பேசவேண்டும் என்பதுதான் என் கோரிக்கை.

இருநூற்றுச் சொச்சம் வருசம் கழித்து இதற்கு நேர் எதிரான ஒன்றும் இங்கேதான் நடந்தது. 1834இல் வந்த அமெரிக்க மதுரை மிஷன், 1847இல், சாதியை விட்டுவிட்டேன் என்று வாயால் சொன்னால் போதாது, தலித் கிறித்தவர் சமைத்ததைச் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டுக் காட்டவேண்டும் என்று சட்டம் போட்டது. மறுத்த பலரை, உபதேசியார்கள் உட்பட, சபையை விட்டு விலக்கி வைத்தது. வெள்ளைக்காரர்கள் இதை எந்த மனசோடு செய்தார்கள் என்ற விவாதம் இருக்கட்டும். சாதி எங்கே குடியிருக்கிறது என்பது அவர்களுக்குப் புரிந்திருந்தது.

பிறகு பரட்டை வந்தார். தியோபிலஸ் அப்பாவு, அரசரடியில் இருக்கிற தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் பாடம் நடத்தியவர். 2005இல் இறந்துபோனார். பறையை வழிபாட்டுக்குள் கொண்டுவந்தார், கடவுளைப் ‘பெத்தவரே’ என்று கூப்பிட்டுப் பாட்டுக் கட்டினார். நான் பிள்ளையாக இருந்தபோது எங்கள் ஊர்ச் சபையில் அவர் பாட்டுகளைப் பாடுவோம். அவர் சொன்னதில் பெரியது ‘ஒரு உலை’ என்கிற எண்ணம். கிராமத்தில் அண்ணன் தம்பி பிரிந்தால் ‘தனி உலை வச்சுட்டாங்க’ என்போம். ஒரே உலையில் பொங்கித் தின்கிறவரைக்கும்தான் ஒரு குடும்பம். சபையும் அப்படி ஒரு உலையாக வேண்டும், திருவிருந்து என்பது வட்ட அப்பமும் ஒரு சொட்டு ரசமும் இல்லை, நிஜமான பசிக்குப் போடுகிற பங்குச் சோறு என்றார். சாதி, வர்க்கம், ஆண் பெண் பேதம் மூன்றும் அந்தப் பானையில் கரையவேண்டும் என்றார்.

எனக்கு அவர்மேல் பெரிய மரியாதை. ஆனால் உலை வைக்கிறவள் என்ற முறையில் எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. ஒரே உலை என்றால் அதில் எது வேகும்?

எங்கள் சபையில் வருசாவருசம் அறுப்பின் பண்டிகைக்கு ஐக்கிய விருந்து உண்டு. நெல்லைப் பக்கம் அசனம் என்பார்களே, அதுபோல. ஆட்டுக்கறி போட்டுப் பொங்குவார்கள். விலையோ ஆகாயத்தில் நிற்கிறது, ஆளுக்கு இரண்டு துண்டு வந்தால் அதிகம். மாட்டுக்கறி அதில் பாதி விலைகூட இல்லை. பெண்கள் ஐக்கியக் கூட்டத்தில் நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், ‘பெரிய கறியும் ஒரு சட்டி தனியா வைப்போமே, வேணுங்கிறவுக சாப்பிடட்டும்’ என்று சொல்லிப்புட்டேன். கூட்டம் அமைதியாகிவிட்டது. இத்தனைக்கும் அங்கே இருந்ததில் பாதிப்பேர் வீட்டில் முதல்நாள் அதுதான் குழம்பு. ஐயர் பிறகு என்னைக் கூப்பிட்டு, கோபப்படாமல்தான், கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் எட்டாம் அதிகாரத்தை எடுத்துக்காட்டினார். என் சாப்பாடு என் சகோதரனுக்கு இடறலாக இருந்தால் நான் இனி என்றைக்கும் இறைச்சி தின்னமாட்டேன் என்கிற பொருளில் பவுல் எழுதிய இடம்.

வீட்டுக்கு வந்து அந்த அதிகாரத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். பவுல் அங்கே பேசுவது பலவீனனைப் பற்றி. பலம் உள்ளவன் பலவீனனுக்காக விட்டுக்கொடுக்கவேண்டும் என்கிறார். எங்கள் சபையில் யார் பலவீனர்? கமிட்டியில் இருக்கிறவர்களா, கமிட்டிக்குப் பயந்து தன் வீட்டுக் குழம்பின் பெயரைச் சொல்லாமல் உட்கார்ந்திருந்த பொம்பளைகளா? இதே பவுல்தான் அந்தியோகியாவில், புறஜாதியாரோடு சாப்பிட்டுக்கொண்டிருந்த பேதுரு ஆட்கள் வந்ததும் பயந்து பந்தியை விட்டு விலகினான் என்று எல்லார் முன்பாகவும் அவனை எதிர்த்தார். கலாத்தியர் இரண்டாம் அதிகாரம். அதை யாரும் எனக்கு எடுத்துக்காட்டவில்லை. பொது உலை என்று வந்துவிட்டால், யார் முகம் சுளிப்பாரோ அவர் ருசிக்குத்தான் அது வேகிறது.

நம் இயக்கத்துத் தோழர்களோடும் எனக்கு வழக்கு இருக்கிறது. 1927இல் மகாடில் அண்ணல் அம்பேத்கர் செத்த மாட்டைத் தின்பதை விடச் சொன்னார். அதை வைத்துக்கொண்டு மாட்டுக்கறியே வேண்டாம் என்று சொல்கிற பெரியவர்கள் எங்கள் ஊரில் உண்டு. ஆண்டை தூக்கிப்போட்டதை எடுத்துத் தின்னாதே என்பதும், நான் உழைத்த காசில் பாய் கடையில் வாங்கிவருவதும் ஒன்றா? இளையவர்கள் எதிர்ப்பக்கம். 2017 மே மாதம் மத்திய அரசு மாட்டுச் சந்தைக்கு விதி போட்டபோது ஊர் ஊராக மாட்டுக்கறி விருந்து நடந்தது. மே 30 அன்று அந்த விதிகளுக்கு இடைக்காலத் தடை கொடுத்தது நம் மதுரைக் கிளை உயர் நீதிமன்றம்தான். வழக்குப் போட்டவரும் ஒரு பெண் வழக்கறிஞர். எனக்கு அப்போது பெருமையாக இருந்தது. என் வீட்டுக்காரரும் அந்த விருந்து ஒன்றில் மேடையேறி, உணவு எங்கள் உரிமை என்று பேசிச் சாப்பிட்டவர். நன்றாகப் பேசினார். இப்போது ஞாயிற்றுக்கிழமை குக்கர் மூன்றாவது விசில் அடித்ததும், ‘ஏய், அந்த ஜன்னலச் சாத்து’ என்பதும் அவர்தான். நான் அவரைக் குறைசொல்லவில்லை. வாடகை ரசீது அவர் பெயரில் இருக்கிறது. ஆனால் மேடையில் திறந்த சட்டிக்கு ஆண்கள் பொறுப்பு, வீட்டில் மூடிய சட்டிக்குப் பெண்கள் பொறுப்பு என்று ஒரு வேலைப் பிரிவினை நமக்குள்ளேயே விழுந்துவிட்டது. அதற்கு மேலே, பிள்ளைக்குப் பொய் சொல்லிப் பழக்குகிற வேலையும் எங்கள் தலையில்தான்.

என் அம்மாச்சி திருமங்கலம் பக்கத்துக் கரிசல்காட்டில் கூலி வேலை பார்த்தவள். அவளும் மறைத்தாள். காட்டுவேலைக்குப் போகும்போது தூக்குவாளியில் கஞ்சிக்கு அடியில் உப்புக்கண்டத்தைப் புதைத்து வைத்துக்கொண்டு போவாள். வரப்பில் உட்கார்ந்து, யாரும் பார்க்காதபோது ஒரு கடி. ஆனால் வீட்டுக்குள் வந்துவிட்டால் அவள் வாயில் எல்லாவற்றுக்கும் பெயர் இருந்தது. சுவரொட்டி, குடல், நெஞ்செலும்பு, கொழுப்பு, எதை எந்த மாதம் தின்றால் உடம்புக்கு என்ன, எதைப் பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கவேண்டும் என்று சொல்லிச் சொல்லித்தான் போடுவாள். என் பிரசவத்துக்கு வந்து இந்த மகளுக்குப் பால் ஊறவைத்ததும் அவள் காய்ச்சிக் கொடுத்த எலும்பு ரசம்தான். அவள் ஊருக்குப் பொய் சொன்னாள், எனக்குச் சொல்லவில்லை. நான் இரண்டையும் ஒரே பொய்யாக்கிவிட்டேன். ஓனரம்மாவிடம் மறைத்தது பார்வோனிடம் மறைத்ததாகவே இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால் பிள்ளை என்னை நம்பி வாயைத் திறந்து வாங்கிய சோற்றுக்கு வேறு பெயர் சொன்னேனே, அதைச் சிப்பிராள் பூவாள் கணக்கில் எழுத எனக்கு மனசு வரவில்லை.

போன மாதம் ஒரு சனிக்கிழமை அவளைக் கூட்டிக்கொண்டு பாய் கடைக்குப் போனேன். வழக்கமாக அவர் மட்டும்தான் போய் வாங்கிவருவார். கொக்கியில் தொடை தொங்கியது. பாய் கட்டையில் வைத்து வெட்டுவதைக் கண் இமைக்காமல் பார்த்தாள்.

‘இது என்னம்மா?’

‘மாட்டுக்கறி.’

‘நாம சாப்புடுறதா?’

‘ஆமா. நீ மீல் மேக்கர்னு சொல்லுவேல்ல, அது இதான். அம்மாதான் பேர மாத்திச் சொல்லிப்புட்டேன்.’

கொஞ்ச நேரம் யோசித்தாள். அழுவாளோ என்று பயந்தேன். வீட்டில் ஒளித்து வைத்த பொம்மையைக் கண்டுபிடித்த மாதிரிச் சிரித்தாள். பஸ் ஸ்டாப் வரைக்கும் மாட்டுக்கறி, மாட்டுக்கறி என்று சொல்லிக்கொண்டே வந்தாள். புதுச் சொல் கிடைத்தால் பிள்ளைகள் அப்படித்தான். பஸ்ஸில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். கையால் வாயைப் பொத்தலாமா என்று என் கை ஒரு தடவை போய்த் திரும்பியது.

வீட்டுப் படி ஏறும்போது கேட்டாள், ‘ஓனர் பாட்டிகிட்ட சொல்லலாமா?’

‘கேட்டா சொல்லு’ என்றேன்.

இன்னும் கேட்கவில்லை. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை நான் ஜன்னலைச் சாத்தவில்லை. பாதி திறந்தே கிடந்தது. என் வீட்டுக்காரர் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை, ஊதுபத்தியை மட்டும் எடுத்துக் கொளுத்தினார். முந்தாநாள் வேலைவிட்டு வந்ததும், பைபாஸ் ரோடு பக்கம் ஒரு வீடு காலியாகுதாம், அஞ்சு மாச அட்வான்ஸாம் என்றார். என்ன ஆளுங்கன்னு கேட்டாங்களா என்றேன். போனில்தான் பேசினாராம். நேரில் வரச் சொல்லியிருக்கிறார்களாம்.